கிருமி தாங்கிகள்

பலிடாவாவின் பிடரியில் ஈ உட்கார்ந்தது அவனுக்கே தெரியாது. சதுப்பைத் தாண்டி வரும் செம்மண் சாலையில், ஈப் படையின் சாவடியில், சைக்கிளை விட்டு இறங்கி, சட்டையைக் கழற்றி, இரண்டு கைகளையும் விரித்து நின்றான். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்க வேண்டும். வலை வைத்திருந்த வீரன் அவனை ஒரு சுற்று சுற்றி வந்து, பிரம்பு வைத்திருந்தவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான்.

பிரம்பு பிடரியில் இறங்கியதும் பலிடாவா முழங்காலில் விழுந்தான். ஈ பறந்து போனது.

"தப்பிடுச்சு," என்றான் வலைக்காரன்.

"எந்தப் பக்கம்?"

"இந்தாளு ஊர்ப் பக்கம்தான்."

ஈயை உட்கார்ந்த இடத்திலேயே கொல்ல வேண்டும் என்பது விதி. தப்பினால், அது யார் மேல் உட்கார்ந்திருந்ததோ அவர் எதிரியைத் தப்பவிட்டவர். அதற்குத் தண்டனை தனி. பலிடாவாவைச் சாலையோரத்துக் கம்பத்தில் கட்டி அதையும் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற மீன்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் முறை இன்னும் வரவில்லை.

ஏரிக்கரை மாவட்டங்களில் தூக்க நோய் கிளம்பிய வருஷமும், நாட்டில் சண்டை ஓய்ந்த வருஷமும் ஒன்றுதான். அந்த நோயைப் பரப்புவது செட்சி ஈ. சண்டை ஓய்ந்ததால் படைவீரர்கள் மீந்துபோயிருந்தார்கள். தலைநகரில் யாரோ இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் செட்சி ஈ எதிர்ப்புப் போர் இயக்ககம் பிறந்தது. மக்கள் அதை ஈப் படை என்றார்கள். அதற்குத் துப்பாக்கிகள் வந்தன, லாரிகள் வந்தன, பாண்டு வாத்தியம்கூட வந்தது. ஈ பிடிக்கும் கூம்புப் பொறிகள் தைக்க நீலத்துணி பொதி பொதியாக வந்தது. செட்சி ஈக்கு நீலம் என்றால் உயிர். எங்கே நீலத்தைக் கண்டாலும் ஓடிவரும் என்பதால்தான் பொறிக்கு அந்த நிறம். துணி நன்றாக இருந்ததால் முதலில் அதிகாரிகளுக்குச் சீருடை தைத்தார்கள். மிச்சத்தில் பொறி தைப்பதாக இருந்தது. மிச்சம் இல்லை.

அன்றைக்குச் சாவடிக்குக் கர்னல் கிதிம்போவே வந்திருந்தார். நீலச் சீருடை, கறுப்பு வார், தோளில் வெள்ளி ஈ. கம்பத்திலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட பலிடாவாவைப் பார்த்துப் பிரியமாகவே பேசினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது ஐயா."

"நாங்க அடிக்கிறது உன்னை இல்லப்பா. ஈயைத்தான். நீ நடுவுல நிக்கிற, அவ்வளவுதான். எந்தப் போர்லயும் பொதுமக்கள் நடுவுலதான் நிப்பாங்க. அது அவங்க கடமை."

பலிடாவா சரி என்றான். சட்டையைப் போட முடியவில்லை. அதை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு, தன் ஊரான புகோண்டி வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான்.

வீட்டில் அவன் மனைவி நைகாகா முதுகைப் பார்த்துவிட்டு உப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்தாள். அவளுடைய அண்ணன் வாகாபி பக்கத்தில் உட்கார்ந்து வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஈப் படையில்தான் வேலை. முதுகில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு புதருக்குள் நடக்க வேண்டும். ஈ வந்து உட்காரும். பின்னால் வருகிறவன் வலையில் பிடிப்பான். வேலையின் பெயர் முன்னணிப் போராளி. சம்பளம் தினக்கூலி.

"உன்னை ஒரே ஒரு ஈ கடிக்கப் பார்த்துச்சு, அதுக்கு இந்த அழுகையா மச்சான்," என்றான் வாகாபி. "என்னை நாள் பூரா கடிக்குது. நான் அழுதா அதுக்கும் பிரம்படி."

"ஈ என்னைக் கடிக்கவே இல்லையேடா."

"அதுதான் தப்பு. கடிச்சிருந்தா அசையாம உக்காந்திருக்கும். அடிச்சிருக்கலாம்."

பிடித்துவரும் ஈக்களை அறுத்துப் பார்ப்பது ஆய்வகப் பொறுப்பாளர் நாமுலொண்டோவின் வேலை. டாக்டர் இல்லையென்றாலும் ஊரார் அவரை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். இறக்கையையும் காலையும் பிய்த்துவிட்டு, உப்புநீர்ச் சொட்டில் ஈயின் குடலை இழுத்து வைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஒட்டுண்ணி நீந்துகிறதா என்று பார்ப்பார். நீந்தவில்லை. காட்டு ஈக்களில் கிருமி இருப்பது எப்போதுமே அபூர்வம்தான். நூற்றுக்கணக்கில் அறுத்தால் ஒன்றோ இரண்டோ அகப்படும். இதை அவர் கர்னலிடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கர்னல் மேஜையைக் குத்தினார்.

"இத்தனை துப்பாக்கி இருக்கு. எதிரி எங்கே?"

"இல்லாம இருக்கிறது நல்லதுதானே சார்?"

"யாருக்கு நல்லது? தலைநகர்ல என்ன சொல்வாங்க? எதிரியே இல்லாத ஊர்ல உனக்கு எதுக்கய்யா லாரின்னு கேப்பாங்க."

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் ஒரு ஈயின் குடலில் அது நீந்தியது. அந்த ஈ, பலிடாவாவின் உழவுமாடுகள் மேயும் சதுப்போரத்தில் வாகாபியின் முதுகில் பிடிபட்டது. கர்னல் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எவ்வளவு அழகா நீந்துறான்," என்றார்.

"சார், இது குடல்லதான் இருக்கு. எச்சில் சுரப்பிக்குப் போனாத்தான் கடிக்கும்போது பரவும். அதோட இது மாட்டு நோயா மனுஷ நோயா, இதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது."

"கிருமின்னா கிருமி. இவன் யார் ரத்தத்துலேர்ந்து வந்தான்? அதைச் சொல்லு."

"எந்த மிருகமா வேணா இருக்கலாம். மான், காட்டுப்பன்றி, நீர்யானை, மாடு..."

கர்னல் அவ்வளவையும் எழுதச் சொன்னார். சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. உடலில் கிருமியைத் தாங்கும், அல்லது தாங்கக்கூடிய எந்த உயிரும் 'கிருமி தாங்கி' எனப்படும். தாங்கிகள் கண்ட இடத்தில் சுடப்படும்.

புதர்மான்களிலிருந்து தொடங்கினார்கள். சதுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தீ வைத்து, நாலாவது பக்கம் படை நின்றது. புகைக்குள்ளிருந்து ஓடிவந்த மான்களும் பன்றிகளும் முதல் வரிசைத் துப்பாக்கிகளுக்கு விழுந்தன. விழாதவை இரண்டாவது வரிசைக்கு விழுந்தன. குட்டிகளுக்குக் குண்டை வீணாக்க வேண்டாமென்று உத்தரவு இருந்ததால் அவற்றைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். பாண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தது. ஊரார் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அழைக்கப்பட்டிருந்தார்கள். பலிடாவா பக்கத்தில் நின்றவன் வாந்தியெடுத்தான். அது கட்டுப்பாட்டை மீறிய செயல் என்று அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு உடும்புகள். பாறையிடுக்கில் பதுங்கியவற்றை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

"உடும்புக்கு அந்த நோய் வராதுங்க சார்," என்றார் நாமுலொண்டோ. "ஈ அதோட ரத்தத்தைக் குடிக்கும், அவ்வளவுதான்."

"வராதுன்னு உடும்புக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப அது முயற்சி பண்ணும்."

நீர்யானை லேசில் சாகவில்லை. எத்தனை குண்டு வாங்கியது என்று யாரும் எண்ணவில்லை. ரத்தமும் சேறுமாகக் கரையேறி, நேராகக் கர்னலின் ஜீப்பை நோக்கி வந்தது. கர்னல் குதித்துவிட்டார். டிரைவர் குதிக்கவில்லை. நீர்யானை ஜீப்பைக் கவிழ்த்து அதன்மேல் விழுந்தது. படை இரண்டையும் சேர்த்துச் சுட்டது. டிரைவரின் இறுதி ஊர்வலத்தில் கர்னல் உருக்கமாகப் பேசினார். செட்சி ஈயின் கோழைத்தனமான தாக்குதலில் ஒரு வீரனை இழந்தோம் என்றார். ஈ என்ற இடத்தில் எல்லாரும் தலைகுனிந்தார்கள்.

அன்று இரவு அதிகாரிகளின் சமையல்கூடத்தில் நீர்யானைக் கறி. தாங்கியின் இறைச்சியை மக்கள் தின்றால் ஆபத்து என்றும், அதிகாரிகள் தின்றால் அது ஆய்வு என்றும் அறிவிப்புப் பலகை சொன்னது.

காட்டில் கடிக்க ஒன்றுமில்லாமல் போனதும் ஈக்கள் ஊருக்குள் வந்தன. வாழைத் தோட்டத்தில், கிணற்றடியில், மாதாகோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் அந்தச் சாம்பல் நிற ஈ இறக்கைகளைக் கத்தரிக்கோல்போல் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாமுலொண்டோவின் மேஜையில் கிருமியுள்ள ஈக்கள் கூடிக்கொண்டே போயின. கர்னல் அதை வெற்றி என்றார்.

"ஒளிஞ்சு கிடந்தவனை வெளிய இழுத்துட்டோம். இனி ஊருக்குள்ள இருக்கிற தாங்கிங்கதான் பாக்கி."

பன்றிகளுக்கும் நாய்களுக்கும் ஆளுக்கொரு நாள் ஒதுக்கினார்கள். புகோண்டியில் நாய் குரைக்கும் சத்தமே இல்லாமல் போனது. அடுத்து மாடுகள் என்று கேள்விப்பட்டதும் பலிடாவா தன் இரண்டு உழவுமாடுகளையும் வீட்டுக்குள் கட்டினான். செவலையை அடுப்படியில், மயிலையைப் படுக்கிற அறையில். அந்த மாடுகள்தான் அவன் பிழைப்பு. ஊரில் பாதி நிலத்தை அவைதான் உழுதன. நைகாகா மயிலையின் வாயைத் தன் இடுப்புத் துணியால் கட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வந்தவன் சார்ஜென்ட் ஒவோரி. நல்ல மனுஷன் என்று பெயர். எதைச் செய்வதற்கு முன்னாலும் மன்னிப்புக் கேட்பான். கேட்டுவிட்டுச் செய்வான்.

"மன்னிச்சுக்கணும். வீட்டுல மாடு இருக்கா?"

"இல்ல சார்ஜென்ட் ஐயா. மலைப்பக்கம் ஓட்டிவிட்டாச்சு."

உள்ளே செவலை பெருமூச்சு விட்டது. ஒவோரி நிலைப்படிப் பக்கம் பார்த்தான்.

"யாரு உள்ள?"

"எங்க அப்பாரு," என்றான் பலிடாவா. "உடம்பு சரியில்ல."

செவலை கத்தியது.

"ரொம்பத்தான் சரியில்ல போலிருக்கு," என்றான் ஒவோரி. "மன்னிச்சுக்கணும். அவரைக் கொஞ்சம் வெளிய கூட்டிக்கிட்டு வாங்க."

வாசல் குறுகல். செவலை உள்ளே வரும்போது நல்லபடியாக வந்தது. வெளியே போக மறுத்தது. நான்கு வீரர்கள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்ததில் மூக்கு கிழிந்தது. மாடு திமிறிப் பாய்ந்ததில் நிலை பெயர்ந்து ஒரு வீரனின் தோளில் விழுந்தது. முதல் குண்டு தாடையில் பட்டது. மாடு முற்றத்தில் காயவைத்திருந்த கிழங்குச் சீவல்களின் மேல் வட்டமாக ஓடியது. தொங்கிய தாடையிலிருந்து ரத்தம் சிதறிச் சுவரெல்லாம் கோடு விழுந்தது. ஒவோரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி இன்னும் இரண்டு முறை சுட்டான். பலிடாவா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே விழுந்தான். அவன் காதுக்குள் அதன் மூச்சு குமிழியிட்டது. பிறகு நின்றது.

மயிலையைப் படுக்கையறையிலேயே சுட்டார்கள். உள்ளேயிருந்து வெளியே வந்த நைகாகாவின் முகத்திலும் மார்பிலும் அதன் ரத்தம். கையில் உலக்கை. அவள் யாரையும் திட்டவில்லை. உலக்கையை வீசினாள். அது ஒவோரியின் நெற்றியைப் பிளந்தது.

வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். ஒவோரி கையைக் காட்டி நிறுத்தினான். கண்ணுக்குள் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பரவால்ல. இவங்க உத்தரவுல இல்ல," என்றான்.

மாடுகள் போன பிறகு பலிடாவா மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தத் தொடங்கினான். ஒரு மத்தியானம் வாகாபியும் உதவிக்கு வந்திருந்தான். சில வாரங்களாகவே அவன் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பிடும்போதே தூங்கினான். ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு நடந்தான். அன்றைக்குக் கொத்திக்கொண்டே வந்தவன், காரணமே இல்லாமல், மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு பலிடாவாவைத் துரத்தினான்.

"என் ஈயைத் திருடிட்ட. என் ஈயை எங்கடா வெச்சிருக்க?"

பலிடாவா வாழைகளுக்கு நடுவே ஓடினான். மண்வெட்டி ஒரு குலையைச் சீவியது, இன்னொரு மரத்தைப் பாதி வெட்டியது, மூன்றாவது வீச்சு அவன் முழங்கையைச் செதுக்கியது. நாலாவது வீச்சுக்கு ஓங்கிய வாகாபி, ஓங்கியபடியே தரையில் உட்கார்ந்து தூங்கிப்போனான்.

நைகாகா ஓடிவந்து அண்ணனின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பின்புறம் நெறிகட்டியிருந்தது.

"எங்கம்மா செத்தது இப்படித்தான்," என்றாள். "தூங்கித் தூங்கி. நடுவுல எங்களை அடிச்சு அடிச்சு."

நாமுலொண்டோ வாகாபியின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருக்கு. உடனே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. மருந்து அங்கதான் இருக்கு. சாவடியில மட்டும் நோய்னு சொல்லிடாதீங்க. குடிச்சிருக்கான்னு சொல்லுங்க."

பலிடாவா மச்சானைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, விழாமலிருக்கத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தான். சாவடியில் ஒவோரி இருந்தான். நெற்றித் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

"மன்னிச்சுக்கணும். இவருக்கு என்ன?"

"குடி, சார்ஜென்ட் ஐயா."

வாகாபி கண்ணைத் திறந்தான். "குடியா? நான் முன்னணிப் போராளி. எனக்குத் தூக்க நோய்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கினான்.

ஒவோரிக்கு வருத்தமாகிவிட்டது. உத்தரவை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

"தாங்கும் எந்த உயிரும்னு இருக்கு. இவரு உயிரோடதானே இருக்காரு?"

"இப்போதைக்கு இருக்கான் ஐயா. அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அப்போ சிக்கல்தான்." ஒவோரி ரேடியோவில் கர்னலைக் கூப்பிட்டு, உத்தரவில் மனுஷனையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டான். கர்னலின் குரல் கரகரவென்று வந்தது. சமீப காலமாக அந்தக் குரல் எப்போதும் யாரையோ திட்டிக்கொண்டேதான் இருந்தது. சேர்க்காமல் விட்டால் எதிரி அங்கேதான் ஒளிவான் என்றார். நாளைக் காலை ஊரையே அணிவகுப்பு மைதானத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். எல்லாருடைய ரத்தமும் பார்க்கப்படும். தாங்கிகள் அங்கேயே, அனைவர் முன்னிலையிலும்.

மைதானத்தில் ஊர் குந்தி உட்கார்ந்தது. மாமரத்தடியில் மேஜை, மேஜைமேல் மைக்ரோஸ்கோப், அதன் பின்னால் நாமுலொண்டோ. வாகாபியைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். பலிடாவா அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். ஒதுங்கச் சொன்னார்கள், ஒதுங்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். இரண்டு பற்களைத் துப்பிவிட்டு மறுபடி வந்து நின்றான். நைகாகா கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

கர்னல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியவனை அறைந்துவிட்டு எழுந்து பேசினார்.

"எம் மக்களே, இந்தப் போர்ல நான் யாருக்கும் பாரபட்சம் காட்டினதில்ல. மானைச் சுட்டோம். அதுக்குப் பிடிக்கல. மாட்டைச் சுட்டோம். உங்களுக்குப் பிடிக்கல. ஆனா பிடிக்குதா பிடிக்கலையான்னு பாத்து எந்த அரசாங்கமும் சுட்டதில்ல. ஈ சின்னது. அதைக் குறிபாத்து அடிக்கிறது கஷ்டம். அதனாலதான் பெரிய பெரிய உயிரா அடிக்கிறோம். இதுல என்ன புரியல? ரத்தம் குடுக்க யாரும் பயப்படக்கூடாது. முதல் ரத்தம் என்னோடது."

விரலை நீட்டினார். பாண்டு வாத்தியம் முழங்கியது. நாமுலொண்டோ குத்தி, சொட்டைக் கண்ணாடியில் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தார். லென்சைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"சார், உள்ள போய்ப் பேசலாமா?"

"இங்கயே சொல்லு. எனக்கும் மக்களுக்கும் நடுவுல ரகசியம் கிடையாது."

"நீந்துதுங்க சார். நிறைய."

வாத்தியம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கர்னலுக்குப் பின்னால் வரிசையாக நின்ற நீலச் சீருடைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எல்லாருடைய கையும் மெல்லப் பிடரிக்குப் போனது. ஒவோரி, வாகாபியின் பக்கம் நீட்டியிருந்த துப்பாக்கியை இறக்கினான். யோசித்தான். பிறகு மிகவும் தயக்கத்தோடு அதைக் கர்னலின் பக்கம் திருப்பினான்.

"மன்னிச்சுக்கணும் சார்."

"என்னய்யா பண்ற?"

"தாங்கும் எந்த உயிரும்னு இருக்கு சார். நேத்து ரேடியோவில நானே கேட்டேன். மனுஷனையும் சேர்க்கச் சொன்னீங்க."

"நான் மனுஷனாய்யா?" கர்னலின் வாயோரத்தில் எச்சில் வழிந்தது. "நான் பதவி. பதவிக்கு ரத்தம் கிடையாது. ரத்தம் இருக்கிறவன்லாம் அங்க குந்தியிருக்கான் பாரு, அவனுங்களுக்குத்தான் உத்தரவு. எழுதினவனையே சுடறதுக்கா உத்தரவு எழுதுவாங்க?"

"அது அதுல எழுதலைங்களே சார்," என்றான் ஒவோரி. துப்பாக்கியின் குதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

கர்னல் பிஸ்டலை உருவினார். ஒவோரியைச் சுடுவார் என்று எல்லாரும் தரையில் படுத்தார்கள். அவர் மேஜைப் பக்கம் திரும்பி மைக்ரோஸ்கோப்பைச் சுட்டார். குழாய் தெறித்தது. விழுந்த பிறகும் விடாமல், குண்டு தீரும்வரை சுட்டார். கண்ணாடிச் சில்லு கிழித்து நாமுலொண்டோவின் கன்னத்திலிருந்து ரத்தம் கொட்டியது.

"இப்ப சொல்லு," என்றார் மூச்சிரைக்க. "யார் ரத்தத்துல என்ன இருக்கு? எவனாவது நிரூபி."

ஒவோரி உடைந்த துண்டுகளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

"யார் ரத்தத்துலயும் எதுவும் இருக்கிறதாத் தெரியல சார்."

"அதேதான்."

"அப்போ இந்தக் கம்பத்துல இருக்கிறவரும் சுத்தம்தானே சார்?"

தான் வெட்டிய குழியில் தானே நிற்பது கர்னலுக்கே லேசாகத் தெரிந்திருக்க வேண்டும். கையை உயர்த்தினார்.

"எல்லாரும் சுத்தம். மாவட்டமே சுத்தம். போர் ஜெயிச்சாச்சு."

வெற்றியைக் கொண்டாடப் படை வானத்தை நோக்கிச் சுட்டது. குறி தாழ்ந்ததில் பாண்டு வாத்தியக்காரன் ஒருவன் செத்தான். அந்தக் கூச்சலுக்கு நடுவே பலிடாவா கட்டை அவிழ்த்து, மச்சானைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தான். சாவடியில் பிரம்பும் இல்லை, வலையும் இல்லை. எல்லாரும் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு நீள அறை முழுக்கத் தூக்க நோய்க்காரர்கள். அந்த மருந்து விஷத்தில் செய்தது. பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்று கண்ணாடி ஊசியில் ஏற்றினார்கள். நரம்பில் அது ஏறும்போது ஆட்கள் தீயை விழுங்கியதுபோல் அலறினார்கள். சிலர் நோயில் சாகாமல் மருந்தில் செத்தார்கள். வாகாபியைக் கட்டிலோடு கட்டினார்கள். அவன் கட்டிலையும் தூக்கிக்கொண்டு எழுந்தான். பலிடாவா அவன் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். சில நாட்கள் கழித்து ஒரு காலையில் வாகாபி கண்ணைத் திறந்து, தெளிவான குரலில், "மச்சான், இறங்கு. பெருத்துப்போயிட்ட," என்றான். பலிடாவா இறங்கி, சுவரோரமாகப் போய் நின்று அழுதான்.

நாமுலொண்டோவும் அந்த ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்திருந்தார். அரசாங்க மைக்ரோஸ்கோப்பைக் குண்டடியிலிருந்து காப்பாற்றத் தவறியதற்காக ஈப் படை அவரை நீக்கியிருந்தது.

அடுத்த வாரம் கர்னல் வந்தார். லாரியின் பின்புறத்தில், கைகால் கட்டி, பன்றியைக் கொண்டுவருவதுபோல் ஒவோரி கொண்டுவந்தான். ஆபீசில் பகலெல்லாம் தூங்குவதையும், எழுந்தால் கண்டவர்களை அடிப்பதையும், அர்த்தமில்லாத உத்தரவு போடுவதையும் யாரும் நோயென்று நினைக்கவில்லை. சீருடை இல்லாமல் சாலையில் நடந்துபோனபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டதாம்.

ஆள் போதவில்லை. "பலிடாவா, காலைப் பிடிங்க," என்றார் நாமுலொண்டோ.

பலிடாவா கட்டிலருகே போய் நின்றான். கர்னல் முறுக்கிக்கொண்டு கத்தினார். பிடிக்காமல் விட்டால் ஊசி உடைந்து மருந்து சதைக்குள் போகும்; கை அழுகிவிடும். அது அவனுக்குத் தெரியும். மச்சானுக்குப் பக்கத்துக் கட்டிலில் அதைப் பார்த்திருந்தான். நைகாகா இங்கே இருந்தால் என்ன சொல்வாள் என்றும் தெரியும். கொஞ்ச நேரம் கையைத் தொங்கப்போட்டபடி நின்றான். பிறகு இரண்டு கணுக்கால்களையும் பிடித்து, வேண்டியதைவிட அதிகமாகவே அழுத்தினான்.

கர்னல் பிழைத்துக்கொண்டார். தெளிந்த அன்று அவர் வேறு ஆளாக இருந்தார். மெலிந்த, மெல்லப் பேசுகிற மனுஷன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வணக்கம் சொன்னார். பார்க்க வந்திருந்த ஒவோரியை உட்காரச் சொன்னார்.

"சார்ஜென்ட், ஒரு விஷயம். எனக்கு எப்பலேர்ந்து உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். மழைக்கு முன்னாடியே இருக்கலாம்ங்கிறாங்க. அப்ப நான் என்னென்னவோ சொல்லியிருக்கேன். கனவு மாதிரி ஞாபகம் வருது. அதையெல்லாம் யாராவது செஞ்சாங்களா?"

"எல்லாத்தையும் சார். ஒண்ணு விடாம."

"உடும்பைக் கொளுத்தச் சொன்னேனே?"

"ஆச்சு சார்."

"மாட்டையெல்லாம்?"

ஒவோரி நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டான். மச்சானின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த பலிடாவா தரையைப் பார்த்தான்.

"ஆச்சு சார்."

"யாருமே ஏன்னு கேக்கலையா? தலைநகர்லகூட?"

"பாராட்டி வந்துச்சு சார். பக்கத்து மாவட்டங்கள்லயும் இதே மாதிரி செய்யச் சொல்லியிருக்காங்க."

கர்னல் கண்ணை மூடித் திறந்தார். "இப்ப யாரு பொறுப்பு?"

"புதுசா ஒருத்தரு வந்திருக்காரு சார். உங்க உத்தரவையெல்லாம் அப்படியே வெச்சுக்கிட்டாரு. ஒண்ணு மட்டும் கூடச் சேத்திருக்காரு. ஈ நிழல்ல ஒதுங்குதாம். அதனால வாழைத் தோட்டத்தையெல்லாம் வெட்டி வீட்டைக் கொளுத்தணும். இன்னிக்குப் புகோண்டியில ஆரம்பம். நான் அங்கதான் போயிக்கிட்டிருக்கேன்."

பலிடாவா எழுந்து நின்றான்.

"வேணாம்," என்றார் கர்னல். கட்டிலில் எழுந்து உட்கார முயன்றார். "அவனுக்கும் அந்த நோய்தான்யா. இது தெளிஞ்ச ஆள் போடற உத்தரவு இல்ல. டாக்டரம்மா, உடனே அவன் ரத்தத்தைப் பாருங்க."

"பாத்துட்டேன் சார்," என்றார் நாமுலொண்டோ. "நேத்து அவரே வந்து விரலை நீட்டினாரு. ரெண்டு தடவை பாத்தேன். அவருக்கு ஒரு நோயும் இல்ல."

கர்னல் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். ஒவோரி எழுந்து, எல்லாரிடமும் பொதுவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு லாரிக்குப் போனான். பலிடாவா சைக்கிளை எடுக்க ஓடினான். நைகாகா தோட்டத்தில் தனியாக இருந்தாள். கையில் வெட்டுக்கத்தி இருக்கும். யார் மன்னிப்புக் கேட்டாலும் அவள் அதைக் கீழே போடுகிறவள் இல்லை.